நேரில் வந்து தருபவர்

எங்கள் கரையோரத்தில் மீனுக்கு எத்தனை பெயர் உண்டோ, அத்தனை வகை மனிதரும் உண்டு. கூட்டத்துக்கு வந்தால் முன்வரிசைக் கதிரையைத் தேடுபவர் ஒரு வகை. கல்யாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டு, கை கழுவிய பிறகு உப்புக் குறைவு என்று அறிவிப்பவர் இன்னொரு வகை. இவர்களையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். இவர்களில் நாலு பேர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இன்று நாம் பார்க்கப்போவது அண்மையில் வெளிச்சத்துக்கு வந்த ஓர் இனம். இன்டர்நெட் கல்முனைக்கு வந்து சேரும்வரை இப்படியொரு பிறவி நம்மிடையே நடமாடுவது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இவர்தான் நேரில் வந்து தருபவர்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? மிகச் சுலபம். இவர் கணினிக்கு எதிரே அமர்ந்து கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார், பெரிதாக்கிப் பார்ப்பார், பெண்சாதியைக் கூப்பிட்டுக் காட்டுவார், பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, அவர் பிரியாணிச் சஹன் தட்டில் குனிந்திருக்கும் படத்தைக் காட்டிக் கேலி செய்வார், பிடித்த படங்களின் இலக்கங்களைக் குறித்து, அளவு சொல்லி, சட்டம் போட வேண்டுமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லி, பெயரும் விலாசமும் பிழையில்லாமல் எழுதி, கடைசியில் ‘பணம் செலுத்துக’ என்ற பச்சைப் பொத்தான் தோன்றியதும், கரண்ட் அடித்தவர்போலக் கையை இழுத்துக்கொள்வார். அவ்வளவுதான். கடை பூட்டியாயிற்று.

“ஏன் காக்கா, பேங்க் கார்ட் இரிக்கித்தானே?” என்பார் கடைக்காரர். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

“இரிக்கி.”

“அப்ப?”

“அது வெச்சிக்கிறதுக்கு. நான் நேர வந்து கையில தாறன்.”

கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். கஞ்சன் கொடுக்க மாட்டான், இவர் கொடுப்பார். ஆனால் கொடுப்பது என்றால் என்ன? சலாம் சொல்லி உள்ளே வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லி, பிறகு குடித்து, விலை கேட்டு, விலையைக் கேட்டு அதிர்ச்சியடைந்து, குறைத்து, கொடுத்து, “சரிதானே?” என்று கேட்டு, “ஓம் காக்கா, சரி” என்ற பதிலை வாங்கி, அதன் பிறகும் எழும்பாமல் இந்த முறை மழை பிந்திவிட்டதைப் பற்றிக் கதைப்பது. இத்தனையும் சேர்ந்ததுதான் கொடுப்பது. பச்சைப் பொத்தானுக்கு இதில் எது தெரியும்? பொத்தான் தேத்தண்ணி ஊற்றுமா?

இந்த இனத்தாரிடம் அகப்பட்டுக்கொண்டவர் ஜெமீல். கல்முனை பிரதான வீதியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். சுனாமி அவருடைய பழைய கடையை நெகட்டிவ் பெட்டிகளோடு அள்ளிக்கொண்டு போனது. புதிய கடையைக் கட்டி எழுப்புவதற்குள் யுத்தமும் முடிந்தது. வீதித்தடைகள் எடுபட்டன; வெளிநாட்டில் நின்ற பிள்ளைகள் ஊருக்கு வந்தார்கள்; தள்ளிப் போட்டிருந்த கல்யாணமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தன. ஜெமீலுக்குக் கமெராவைக் கழுத்திலிருந்து கழற்ற நேரமில்லை.

படம் எடுப்பதில் அவர் சூரன்தான். காசு கேட்பதில் மட்டும் சரியான மக்கு. “நேர வந்து தாறன்” என்று எவராவது சொன்னால், “அதுக்கென்ன காக்கா, ஆறுதலா வாங்க” என்று வாய் தானாகச் சொல்லிவிடும். படங்களை அடித்து, உறையில் போட்டு, அலுமாரியில் அடுக்கி வைப்பார். வந்து தருகிறேன் என்றவர்கள் வரமாட்டார்கள். அலுமாரிக்குள் மாப்பிள்ளைகள் அடுக்கடுக்காகச் சிரித்துக்கொண்டு கிடந்தார்கள். சிலருக்கு அதற்குள் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளையின் படமும் அதே அலுமாரிக்கு வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

கடைசியில் டோஹாவில் கணினி வேலை செய்யும் தன் மச்சினன் பஹ்மிக்குப் போன் எடுத்து அழுதார். பஹ்மி ஓர் இணையத்தளம் செய்து கொடுத்தான். அதில் படங்களைப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு முகத்துக்கும் குறுக்கே ‘மாதிரி’ என்று பெரிய எழுத்தில் கிடக்கும். காசு கட்டினால்தான் எழுத்து விலகும், படம் அடிக்கலாம். படங்கள் கல்முனைக் கணினிக்குள் இருந்தன. பூட்டைத் திறக்கும் இலக்கமோ பஹ்மியிடம் டோஹாவில் இருந்தது. கட்டுகிற காசும் முதலில் அவனிடம்தான் போய்ச் சேரும்; வாடிக்கையாளருக்காகத் தானே கட்டிவிட ஜெமீலிடம் கார்டும் இல்லை.

“மச்சான், நானே அழுது கேட்டாலும் நீ திறக்கப்படா” என்று ஜெமீல்தான் அவனிடம் வாக்குறுதி வாங்கினார். பாவம், அப்போது அவருக்கு றஸாக் ஹாஜியாரை நினைவில்லை.

மருதமுனையில் சாரன் கடை வைத்திருக்கும் றஸாக் ஹாஜியார் இந்த இனத்தின் சிகரம். எதையும் தொட்டுப் பார்த்தே நம்புவார். சாரனைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, நூல் எந்தத் தறியில் ஓடியது என்று சொல்லிவிடுவார். அதே விரல்களால் ஜெமீலின் கணினித் திரையையும் தேய்ப்பார். அவர் வந்து போனால் திரையைத் துடைக்கத் தனியாக ஒரு துணி வேண்டும்.

அவருடைய ஒரே மகள் றிபாவுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. மாப்பிள்ளை சாய்ந்தமருதுப் பையன், லண்டனில் வேலை. லீவில் வந்து கல்யாணம் முடித்து, ஊர் வழக்கப்படி பெண் வீட்டில் வந்திருந்து, லீவு முடியத் திரும்பிப் போய்விட்டான். இப்போது மனைவியை அழைக்கிறான். விசாவுக்கு ஆதாரம் வேண்டுமாம். கல்யாணப் படங்களை அச்சிட்டு விண்ணப்பத்தோடு வைக்க வேண்டுமாம். கொழும்பில் நேரமும் குறித்தாயிற்று. திங்கட்கிழமை காலையில் றிபா படங்களோடு அங்கே நிற்க வேண்டும். தவறினால் மறுபடி வரிசை, மறுபடி மாதக்கணக்கில் காத்திருப்பு.

வீட்டில் ஹாஜியாரின் மனைவி பரீனா வேறு கிண்டல் செய்தார். அவர்களுடைய கல்யாண அல்பத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது.

“நல்ல காலம், நம்மளுக்கு ஆரும் விசா தரல்ல. நீங்க என்ட புருசன் எண்டு சொல்ல என்னட்ட ஒரு ஆதாரமும் இல்ல. மகள்ட கலியாணத்தயாவது நேர காலத்தோட ஒப்புவிங்க.”

“ஓம், ஓம். நேர போய்க் குடுத்து எடுத்திட்டு வாறன்” என்றார் ஹாஜியார். அப்படிச் சொல்லிச் சொல்லியே அந்த மாதம் முழுவதும் மோட்டார் சைக்கிளில் கல்முனைக்குப் போய் வந்தார். நம்மில் வேறு யாராவது என்றால் முதல் நாளே காரியத்தை முடித்திருப்போம். ஹாஜியார் அப்படியா?

முதலில் வந்த நாள், மருமகனின் நெற்றியை உற்றுப் பார்த்தார்.

“இதென்ன தம்பி, என்ட மருமகன்ட நெத்தியில ‘மாதிரி’ எண்டு எழுதியிரிக்கி?”

“காசு கட்டினா அது போயிரும் காக்கா.”

“இந்தா காசு.” சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

“இங்க இல்ல காக்கா. இதுக்குள்ள கட்டணும்.” ஜெமீல் கணினியைக் காட்டினார்.

ஹாஜியார் கணினியின் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். “எதால போடுற?” என்று கேட்டார்.

விளக்கம் சொல்லி முடிய, பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டது. காசைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினார். அடுத்த முறை வந்து, மகளின் மூக்கு இந்தப் படத்தில் தன் மூக்குப்போல இல்லை என்றார். அதற்கடுத்த முறை, பச்சைச் சாரி நீலமாகத் தெரிகிறது என்று சாதித்தார். நிறத்தைப் பற்றித் தனக்கா பாடம் என்றும் கேட்டார். இன்னொரு நாள், கூட்டமாக எடுத்த படத்தில் தன் சகலன் இரண்டு தரம் நிற்கிறார் என்றார். பார்த்தால் அது சகலனின் தம்பி. மருமகன் லண்டனிலிருந்தே காசைக் கட்டிவிடுகிறேன் என்று செய்தி அனுப்பியபோது மட்டும் ஹாஜியாருக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

“பொண்ணு வீட்டார் எடுத்த போட்டோ. பொண்ட வாப்பாதான் குடுக்கிற. அவர் ஆரு குடுக்க?”

“அப்ப நீங்க கட்டுங்களன் காக்கா!”

“தாறன்டா, நேர தாறன் எண்டுதானே சொல்றன்!”

பஹ்மிக்குப் போன் எடுத்தார் ஜெமீல். “இந்த ஒரு மனிசனுக்கு மட்டும் திறந்து விடு மச்சான், பிள்ளைட விசா அலுவல்” என்று கெஞ்சினார். பஹ்மி, “நீங்க அழுது கேட்டாலும் திறக்கப்படா எண்டு சொன்னது ஆரு?” என்று கேட்டான். “இப்ப நான் அழல்லயே” என்றார் ஜெமீல். “அழுற குரல்தான் கேக்குது. காசு டோஹாவுக்கு வரட்டும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். வாக்குத் தவறாத மச்சினன் வாய்ப்பது எவ்வளவு பெரிய சோதனை என்று ஜெமீல் அன்றைக்குத்தான் கண்டுகொண்டார்.

இப்படியே போய், சனிக்கிழமை வந்தது. மறுநாள் கொழும்பு பஸ் ஏற வேண்டும். அன்றும் ஹாஜியார் வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணியை ஊதிக் குடித்துவிட்டு, மேடையில் கட்டியிருந்த பலூன்களின் நிறத்தில் ஒரு குறை சொல்லத் தொடங்கினார்.

ஜெமீலுக்குப் பத்திக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளரிடம் குரலை உயர்த்தினார்.

“காக்கா, அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க. உங்களுக்குக் காசா பிரச்சின? மூக்கா பிரச்சின? பலூனா பிரச்சின? பிள்ள நாளைக்கு பஸ் ஏறணும். என்னதான் உங்களுக்கு வேணும்?”

ஹாஜியார் கோப்பையைக் கீழே வைத்தார். திரையில் மகள் இருந்தாள், கன்னத்துக்குக் குறுக்கே ‘மாதிரி’ என்ற எழுத்தோடு. அந்த எழுத்தின் மேல் பெருவிரலை வைத்தார். இந்த முறை தேய்க்கவில்லை.

“காசக் குடுத்தா போட்டோ வரும்” என்றார் மெதுவாக. “போட்டோ வந்தா விசா வரும். விசா வந்தா இவ போயிருவா.”

ஜெமீல் இன்னொரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார்.

“நம்மட ஊர்ல மாப்பிள்ளதானே தம்பி பொண்ணு வீட்டுக்கு வாற? என்ட வாப்பா உம்மாட வீட்டுக்கு வந்தார். நான் பரீனாட வீட்டுக்குப் போன. பொண்ணு போறது எண்டு ஒரு கத நம்மட சந்ததியிலயே இல்ல. கடல் வீட்டக் கொண்டு போன புறகு கல்லுக் கல்லா அடுக்கிக் கட்டினது இவ இருக்கிறதுக்கு. மேல் வீட்டுக்கு இப்பதான் பெயின்ட் அடிச்ச. எனக்கு மனசு வருகுதில்லடா.”

எந்தச் சிரிப்புமில்லாமல், ஒளிவு மறைவுமில்லாமல் அவர் சொன்னது இவ்வளவுதான். மூக்கும் சாரியும் பலூனும் எங்கிருந்து வந்தன என்று ஜெமீலுக்கு விளங்கியது. அவருடைய வீட்டிலும் இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் முச்சக்கரவண்டி வந்து நின்றது. றிபாதான் வந்திருந்தாள். வாப்பா படத்தோடு வருவார் என்று காத்திருந்து களைத்து, உம்மாவிடம் சொல்லிவிட்டுத் தானே புறப்பட்டு வந்திருந்தாள். உள்ளே வந்தவள் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள், ஜெமீலின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

“வாப்பா, நீங்க வேணா எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. நான் போகல்ல. இப்பவே அவருக்கு கோல் எடுத்துச் சொல்றன்.”

அவள் நடிக்கவில்லை. போனைக் கையில் எடுத்துவிட்டாள். கண் நிறைந்திருந்தது. மூக்கு சிவந்து, அசல் தகப்பனின் மூக்காகவே இருந்தது. ‘வேணா’ என்ற ஒரு சொல்லுக்கு ஹாஜியார் ஒரு மாதமாக ஆசைப்பட்டிருக்கிறார். இப்போது அது அவருடைய நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் மகள் வீட்டில் இருந்திருப்பாள். மேல் வீட்டில், புதுப் பெயின்ட் வாசத்தில், புருஷனோடு போனில் மட்டும் குடும்பம் நடத்திக்கொண்டு.

ஹாஜியார் எழும்பி நின்று சாரனை இறுக்கிக் கட்டினார்.

“ஆரு சொன்ன நான் குடுக்க மாட்டன் எண்டு? நேர வந்து தாறன் எண்டுதானே சொன்ன. அழாத புள்ள. வந்திருக்கன்தானே!” என்று அதட்டினார். பிறகு ஜெமீலிடம் திரும்பி, “உன்ட மச்சான் என்னடா கேக்கிறான்? காசு டோஹாவுக்கு வரணும், அவ்வளவுதானே? அத முதல்லயே சொல்றல்லயா?” என்றார்.

ஜெமீல் அதைத்தான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி நடந்ததை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். வங்கி அட்டையை நம்பாதவர், பொத்தானை நம்பாதவர், ரசீது அடித்துத் தரும் கணினியை நம்பாதவர், நேரே பாண்டிருப்பு நல்லரெத்தினத்திடம் போனார். நல்லரெத்தினம் பலசரக்குக் கடைக்காரர். அத்தோடு உண்டியல்காரர். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அங்கே ஒருவரிடம் காசைக் கொடுப்பார்கள், அவர் ஒரு போன் சொல்ல, இங்கே நல்லரெத்தினம் வீட்டுக்காரரின் கையில் கொடுப்பார். பற்றுச்சீட்டுக் கிடையாது, கையெழுத்துக் கிடையாது. குரல்தான் சாட்சி.

“டோஹாவில பஹ்மி எண்டு ஒரு பொடியன். விலாசம் இந்தா, ஜெமீல் எழுதித் தந்த. அவன்ட கையில இது போய்ச் சேரணும், இப்பவே” என்று ஹாஜியார் காசை நீட்டினார்.

நல்லரெத்தினம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “என்ன ஹாஜியார், அங்கயிருந்து இஞ்ச வாறதுதானே வழக்கம்? இப்ப ஆறு மேல்பக்கமா ஓடுது?”

“ஓடட்டும். நீ கோல் எடு.”

“எழுதித் தரவா?”

“எனக்கும் உனக்கும் நடுவில என்ன எழுத்து?” என்றார் ஹாஜியார், மனம் நொந்தவராக.

பார்த்தீர்களா கூத்தை! கண்ணால் காணாத கம்பி வழியாகக் காசு போவதை நம்பாத மனிதர், கண்ணால் காணாத ஒருவன் டோஹாவில் கொடுப்பான் என்று முழுக்காசையும் ஒரு போன் பேச்சில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வெற்றிலை போட்டார். ஏனென்றால் இதில் ஒரு கை இருந்தது. நல்லரெத்தினத்தின் கை. யுத்த காலத்தில் வீதி பூட்டிக் கிடந்தபோதும் சொன்ன காசைச் சொன்னபடி கொடுத்த கை. ஹாஜியாருக்கு அதற்குமேல் பாதுகாப்பு உலகத்தில் எந்த வங்கியிலும் இல்லை.

டோஹாவில் பஹ்மியின் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால், முன்பின் தெரியாத ஒரு மலையாளி றியாலை நீட்டி, “மருதமுனை றஸாக் ஹாஜியார் தரச் சொன்னார்” என்றார். தான் இரவு பகலாகக் கண்விழித்துச் செய்த இணையத்தளத்தின் முதலாவது வெளிநாட்டுக் கொடுப்பனவு இப்படி வாசலில் வந்து நிற்கும் என்று பஹ்மி கனவிலும் நினைத்திருக்கவில்லை. எண்ணிப் பார்த்தான், சரியாக இருந்தது. பூட்டின் இலக்கத்தை ஜெமீலுக்கு அனுப்பிவிட்டு, வெகுநேரம் பச்சைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம்.

கல்முனையில் ‘மாதிரி’ விலகியது. மெஷினிலிருந்து படங்கள் சூட்டோடு வந்தன. ஹாஜியார் ஒவ்வொன்றையும் ஓரத்தில் பிடித்து, பெருவிரலால் ஒரு தரம் தடவி, “ம், நல்ல வழுவழுப்பு” என்று மகளிடம் கொடுத்தார். திங்கட்கிழமை றிபா கொழும்பில் நின்றாள். விசா வந்தது. அவள் போனாள். விமான நிலையத்தில் ஹாஜியார் அழவில்லை. திரும்பி வரும் வழியில் மகாஓயாவில் தேத்தண்ணிக்கு வேனை நிறுத்தியபோது, சீனி போதாது என்று கடைக்காரனோடு சண்டை பிடித்துவிட்டு, அதற்குப் பிறகு அழுதார். பரீனா முந்தானையைக் கொடுத்தார்.

அடுத்த வருடம் லண்டனில் பேரப்பிள்ளை பிறந்தது. சில வாரம் கழித்து ஜெமீல் போன் எடுத்தார். “காக்கா, றிபா பேரன்ட படம் அனுப்பியிரிக்கா. பெரிசா அடிச்சி, சட்டமும் போட்டாச்சு. வந்து எடுத்திட்டுப் போங்க.”

ஹாஜியார் புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசி, சட்டைப் பையில் காசை வைத்து, அது இருக்கிறதா என்று வழியெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். சலாம் சொன்னார். கதிரையில் இருந்தார். பேரனைப் பார்த்தார், மாஷா அல்லாஹ் என்றார், மூக்கைப் பற்றிக் குறையேதும் சொல்லவில்லை. பிறகு பையிலிருந்து காசை எடுத்தார்.

“எவ்வளவு தம்பி?”

“ஒண்டும் வேணா காக்கா. றிபா அங்கயிருந்தே கார்டால கட்டிட்டா.”

“எல்லாம் கட்டிட்டாவா?”

“எல்லாம். சட்டத்துக்கும் சேத்து.”

ஹாஜியாரின் கை மேசைக்குமேல் அப்படியே நின்றது.

“அப்ப நான் என்னத்தக் குடுக்கிற?” என்று கேட்டார்.

காசு கேட்கத் தெரியாத ஜெமீலுக்குக் காசு வேண்டாம் என்று சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டு எதிரே இருந்தார். ஹாஜியார் பேரனின் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இதில இன்னொண்டு அடி” என்றார் கடைசியில்.

“எதுக்கு காக்கா? ஒண்டு இரிக்கித்தானே?”

“எதுக்கோ. நீ அடிடா. அதுக்கு நான் தாறன்.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தாராளமாக. உங்களிடம் அட்டை இருக்கிறது, இரகசிய இலக்கம் மனப்பாடம், பச்சைப் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவீர்கள். ஆனால் தூரத்தில் இருக்கும் உங்கள் பிள்ளை ஒரு நாள் போன் எடுத்து, “உங்களுக்குக் கண்ணாடியும் மருந்தும் இங்கயிருந்தே ஓடர் பண்ணிட்டன், காசும் கட்டியாச்சு, நீங்க வாங்கி வெச்சாச் சரி” என்று சொல்லும். வாசலில் பெட்டியோடு ஒருவன் வந்து நிற்பான். “எவ்வளவு தம்பி?” என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை என்பான். அவன் திரும்பிப் போய், வாசல் படலை சாத்துப்பட்ட பிறகும் உங்கள் கை சட்டைப் பைக்குள்ளேயே இருந்தால், வெட்கப்பட ஒன்றுமில்லை. நேரே கல்முனைக்கு வாருங்கள். ஜெமீலின் கடையில் கதிரைக்குப் பஞ்சமில்லை.